பழைய தலைநகரைக் கேட்டவர்கள்

2009ஆம் ஆண்டு மாசி மாதத்திலிருந்து வைகாசி நடுப்பகுதி வரை, டென்மார்க்கின் பழைய தலைநகரான றொஸ்கில்டவில் அந்தோனிதாசன் தன் சிறிய பஸ்ஸின் ஒலிவாங்கியில் பேசியது, வன்னியில் பதுங்குகுழிகளுக்குள் இருந்த வானொலிப் பெட்டிகளில் கேட்டது. அலைவரிசை எதுவென்று யாரும் குறித்துவைக்கவில்லை. முள்ளை எங்கே திருப்பி வைத்தாலும் கேட்டதாகச் சிலரும், பெட்டியை நிறுத்திய பிறகும் கேட்டதாக ஒருவரும் பின்னாளில் சொன்னார்கள். அந்த வருடம் றொஸ்கில்டவுக்குப் போகும் வழியில் பாலத்தைக் கடக்கும் கட்டணம் கூடியிருந்தது. குளிர் பங்குனி முடியும்வரை விடவில்லை.

அந்தோனிதாசன் மன்னார்க்காரர். எண்பதுகளின் நடுவில் வந்து, டென்மார்க்கின் மேற்கே யூலாந்தில் இக்காஸ்ட் என்ற நெசவாலை ஊரில் குடியேறி, பின்னல் இயந்திரங்களோடு பல வருடங்கள் நின்றவர். ஆலை போலந்துக்குப் போனபோது அவர் போலந்துக்குப் போகவில்லை. பழைய பஸ் ஒன்றை வாங்கினார். கோடையில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் உறவினர்களுக்கு எதைக் காட்டுவதென்று அந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் திண்டாடிக்கொண்டிருந்த காலம் அது. கொப்பன்ஹேகனை எல்லோரும் படத்தில் பார்த்திருந்தார்கள். பழைய தலைநகரைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது. தெரியாத ஊரைக் காட்டுவது சுலபம் என்று அந்தோனிதாசன் கண்டுகொண்டார். சனிக்கிழமை காலையில் இக்காஸ்டில் புறப்பட்டு, பிராண்டேயில் ஆட்களை ஏற்றி, இரண்டு பாலங்களைக் கடந்து, மதியத்துக்கு முன் றொஸ்கில்டவில் இறக்கிவிடுவார்.

அவர் காட்டியவை வருமாறு. ரயில் நிலையத்துக்கு முன்னால் ஆளைவிட மூன்று மடங்கு உயரமாக நிற்கும் மூன்று ஜாடிகள். பிறகு ஊசிபோல இரண்டு கோபுரங்கள் வைத்த செங்கல் தேவாலயம். உள்ளே நாட்டின் ராசாக்களும் ராணிகளும் வரிசையாகப் படுத்திருப்பார்கள். மூவிராசாக்களின் பெயரால் அமைந்த ஒரு பக்கச் சிற்றாலயத்தில் ஒரு தூண். வந்துபோன ராசாக்களின் உயரங்களை அதில் கோடிட்டு வைத்திருக்கிறார்கள், பார்க்கப் போகிறவர்கள் அதன் அருகே நின்று தங்களை அளந்துகொள்ளலாம். சுவரில் ஒரு மணிக்கூடு. மணி அடிக்கும்போது குதிரையில் இருக்கும் புனித ஜோர்ஜியார் காலடியில் கிடக்கும் நாகத்தைக் குத்த, அது கீச்சென்று கத்தும். அங்கிருந்து சரிவால் இறங்கினால் ஊற்றுகள், அதற்கும் கீழே கடல்நீர் உள்ளே வந்து கிடக்கும் ஃபியோர்ட், அதன் கரையில் கப்பல் அருங்காட்சியகம். ஆயிரம் வருடத்துக்கு முன் பகைவர் உள்ளே வராமலிருக்க ஊரார் தங்கள் கப்பல்களிலேயே கல்லை நிரப்பி வாய்க்காலில் தாழ்த்தினார்கள்; அவற்றை எடுத்து வைத்திருக்கிறார்கள். இவ்வளவும் உண்மை. உண்மை தீர்ந்த இடத்தில் அந்தோனிதாசன் தன் கையிலிருந்து போட்டார். தூணில் மிக உயரத்தில் கோடு வைத்திருக்கும் ராசா மன்னார்க் கருவாடு தின்று வளர்ந்தவர் என்பார். பிள்ளையில்லாத ராணி ஒருத்தி மன்னாரின் மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்தாள் என்பார். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் அவருடைய மனைவி யசிந்தா லீவு நாட்களில் முன் இருக்கையில் வருவாள். அந்த இடங்கள் வரும்போது தலையைத் திருப்பாமல் "பொய்" என்பாள். அதுவும் சுற்றுலாவின் ஒரு பகுதி என்று விருந்தாளிகள் நினைத்தார்கள்.

தை மாதம் வன்னியில் சண்டை இறுகியதும் சுற்றுலா நின்றது. சனம் பதாகைகளோடு கொப்பன்ஹேகனுக்குப் போனது. போகிற வழியில் பழைய தலைநகரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாசியில் ஒரு முறை மட்டும், செத்தவீட்டுக்கு ஜெர்மனியிலிருந்து வந்த நாலைந்து பேர் திரும்பும் முன் எங்காவது கூட்டிப்போகச் சொல்லிக் கேட்க, அந்தோனிதாசன் மறுக்க முடியாமல் பஸ்ஸை எடுத்தார். பிராண்டே தமிழர் சங்கத்தின் தலைவர் மரியரட்ணம் அதைக் கேள்விப்பட்டுக் கடைக்கு முன்னால் மறித்தார். "அங்க சனம் செத்துக்கொண்டிருக்குது, நீர் ராசாக்களின்ர கல்லறை காட்டிக்கொண்டு திரியிறீர்" என்றார். அந்தோனிதாசனின் ஒரே தங்கை புஷ்பராணி அந்தச் சனத்துக்குள்தான் இருந்தாள். கடற்றொழிலாளியான கணவன் குருசுமுத்துவோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஊர் ஊராகப் பின்வாங்கி, கடைசியில் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் ஆழமில்லாத உப்புநீர்க் களப்புமான மணல் துண்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய அழைப்பு வந்தது. பாதிரியார் ஒருவரிடம் செய்மதித் தொலைபேசி இருந்தது. வரிசையில் நிற்பவர்கள் ஒரு நிமிடம் கதைக்கலாம்.

"அண்ணை, சனிக்கிழமை நீங்கள் கதைச்சது கேட்டது" என்றாள் புஷ்பராணி.

"ஆரோட கதைச்சது?"

"ரேடியோவில. நாகம் கத்துமெண்டு சொன்னீங்களே, ஜோர்ஜியார் குத்தேக்க. சின்னவன் இப்ப ஷெல் கூவிக்கொண்டு வந்தாலும் நாகம் கத்துது எண்டுறான். திரும்ப எப்ப அங்க போவியள்?"

அந்தோனிதாசன் ஏன், எப்படி என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிமிடம் முடிந்திருக்கும். "வாற சனி" என்றார்.

அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் யசிந்தா மட்டும் இருந்தாள். ஆளில்லாத இருக்கைகளைப் பார்த்து அவர் ஜாடிகளிலிருந்து கப்பல்கள் வரை எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். ஞாயிறும் போனார். அடுத்த கிழமை புஷ்பராணியின் அழைப்பு வந்தபோது அவள் புதிய விபரங்கள் சொன்னாள். பற்றரி தீர்ந்துவிட்டதால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, குருசுமுத்து மிதியைக் கையால் சுற்ற, டைனமோவில் வானொலி ஓடுகிறது. பக்கத்துப் பங்கர்களிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். பங்கரைத் தாங்கும் பனங்குற்றியில் குருசுமுத்து ராசாக்களின் உயரங்களைக் கத்தியால் கீறி வைத்திருக்கிறான். பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்று அளக்கிறார்கள். பங்கருக்குள் நிமிர்ந்து நிற்க உயரம் போதாததால் பெரிய ராசாவின் கோடு மட்டும் இல்லை. இடையிடையே வானொலி இரைகிறது, ஒன்றும் விளங்குவதில்லை என்றும் சொன்னாள்.

செய்தி பரவ நாளெடுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை பஸ்ஸில் இடமில்லை. ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து கார்களும் பின்னால் வந்தன. பார்க்க வந்தவர்கள் ஒருவருமில்லை, எல்லோரும் பேச வந்தவர்கள். மரியரட்ணம் மூன்று பக்க அறிக்கையோடு வந்து ஒலிவாங்கியை வாங்கி, உலகம் கண்திறக்கிறது, மனம் தளரவேண்டாம் என்று உருக்கமாகப் பேசினார். மேரிகிறேஸ் என்ற பெண் தன் தகப்பனின் பெயரைச் சொல்லி, அப்பு, நாங்கள் இருக்கிறம், நாங்கள் இருக்கிறம் என்று அழுதாள். ஒன்றும் போகவில்லை. அவர்கள் பேசிய நேரம் முழுக்க இரைச்சல்தான் கேட்டது என்று புஷ்பராணி சொன்னாள். பிறகு அண்ணையின் குரல் வந்து, வலப்பக்கம் பாருங்கோ என்றதாம், தெளிவாக. இக்காஸ்டில் வானொலி திருத்தும் ஒருவர் ஒலிவாங்கியைக் கழற்றிப் பார்த்து, இது சாதாரண ஒலிவாங்கி, வயரில் ஒரு இடத்தில் டேப் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான் என்றார்.

காரணத்தைக் கண்டுபிடித்தது யசிந்தா. வானொலி இரைந்ததாகத் தங்கை சொன்ன இடங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, இரவுச் சாப்பாட்டின்போது அவள் சொன்னாள்: "கருவாடு போகேல்லை. மடுமாதா போகேல்லை. மரியரட்ணத்தின்ர உலகம் போகேல்லை. அந்த ஊரில உண்மையா இருக்கிறது மட்டும்தான் போகுது. உங்கட பொய்யெல்லாம் இரையுது, என்னப்பா." மேரிகிறேஸ் அழுதது பொய்யில்லையே என்று அவர் கேட்டார். "அது உண்மை. ஆனா அது றொஸ்கில்டவில இருக்கிற விசயமில்லை" என்றாள்.

அதன் பிறகு அந்தோனிதாசனின் சுற்றுலா சுருங்கிப்போனது. பாதிக் கதையை விட வேண்டியிருந்தது. விட்ட இடத்தை நிரப்ப, அவர் அந்த ஊரை முதல்முறையாகக் கண்ணால் பார்க்கத் தொடங்கினார். ஜாடியின் விளிம்பில் பனி உருகிச் சொட்டுவதைச் சொன்னார். தள்ளுவண்டிப் பிள்ளையை வெயிலில் நிறுத்திவிட்டு ஒரு தாய் மர வாங்கில் அமர்ந்து தொத்திறைச்சி சாப்பிடுவதைச் சொன்னார். தேவாலயத்துக் கதவடியில் ஒரு நாய் யாருக்கோ காத்திருப்பதையும், நெடுநேரம் யாரும் வராததையும், பிறகு வந்ததையும் சொன்னார். தண்ணீருக்குத் தங்கை ஏங்குகிறாள் என்று தெரிந்தபின் ஊற்றருகே பஸ்ஸை நிறுத்தி, வயர் போகும் தூரம்வரை ஒலிவாங்கியை இழுத்து நீர் விழும் சத்தத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். அன்று பங்கரில் பிள்ளைகள் குடிக்கத் தண்ணீர் கேட்கவில்லை, நித்திரையாகிவிட்டார்கள் என்று தங்கை சொன்னாள். நிறுத்தக்கூடாத இடத்தில் பஸ் நிறுத்தியதற்கு அவருக்குத் தண்டத் துண்டு கிடைத்தது, சங்கம் கட்டியது. மரியரட்ணம் இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைசி இருக்கையில் வந்து, ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டுப் போனார்.

வைகாசி தொடங்கிய கிழமையில் வந்த அழைப்பு கடைசி அழைப்பு.

"அண்ணை, களப்பைக் கடந்து அங்கால போறதெண்டு சனம் கதைக்குது. போற ஆக்களுக்கு இஞ்சயிருந்தும் சுடுகினம், அங்கயிருந்தும் சுடுகினம். இருந்தா ஷெல். இவர் போவமெண்டுறார். எனக்குப் பயம். சுத்தியுள்ள சனம், உன்ர கொண்ணையிட்டைக் கேளெண்டுது. பாதர் இனிப் போன் இல்லையெண்டிட்டார். நீங்கள் ரேடியோவில சொல்லுங்கோ. போறதோ, இருக்கிறதோ."

"நான் என்னெண்டு சொல்லுறது, பிள்ளை..." என்று அவர் தொடங்கியபோது தொடர்பு விட்டுப்போனது.

அந்தோனிதாசன் சமையலறைக் கதிரையில் நெடுநேரம் இருந்தார். போ என்றால் போவாள். அவளோடு அந்த வானொலியைக் கேட்ட எல்லோரும் போவார்கள். ஒலிவாங்கியைத் தூக்கி வாசலில் போட்டுவிட்டு, பஸ் பழுது என்று படுத்துவிடலாமா என்றும் நினைத்தார். வேலைக்குப் போக உடுத்திக்கொண்டு நின்ற யசிந்தாவிடம், நீ என்ன சொல்லுறாய் என்று கேட்டார்.

"இருந்தா என்ன நடக்குமெண்டு தெரியும். போனா என்ன நடக்குமெண்டு தெரியாது" என்றாள் யசிந்தா. "தெரியாததைச் சொல்லுங்கோ."

"சொன்னாலும் போகாது. களப்பைக் கட எண்டு சொல்ல, அது றொஸ்கில்டவில இருக்கிற விசயமே? அந்த ஊரில ஆரும் தண்ணியால நடந்து தப்பினதா நான் படிக்கேல்லை."

யசிந்தா சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சப்பாத்தோடு நிமிர்ந்தாள். "அப்ப நாங்கள் நடந்தாப் போச்சு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் உடுப்போடேயே எல்லோரும் புறப்பட்டார்கள். இக்காஸ்ட், பிராண்டே, ஹொல்ஸ்டெப்ரோ மூன்று இடத்துச் சனமும் வந்தது. கத்தோலிக்கரோடு சைவக்காரரும் வந்தார்கள். வழமைபோல ஜாடிகளில் தொடங்கினார் அந்தோனிதாசன். தங்கை கேட்கத் தொடங்கியிருக்க வேண்டும் என்பதற்காக. தேவாலயத்தைச் சொன்னார், தூணைச் சொன்னார், ஊற்றைச் சொன்னார். பிறகு ஊருக்கு வடக்கே, ஃபியோர்ட் கரை ஒரு சிறு குடாவாக உள்வாங்கும் இடத்தில், புல்வெளியின் விளிம்புவரை பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்திக் கதவைத் திறந்தார். ஒலிவாங்கியின் வயர் கீழ்ப்படிவரைதான் வந்தது. அவர் படியில் நின்றார்.

முதலில் யசிந்தா இறங்கினாள், சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, பிறகு அதையும் விட்டுவிட்டு. அவளுக்குப் பின்னால் மரியரட்ணம் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக இறங்கி, குளிரில் ஒரு சத்தம் போட்டார். அதற்குப் பிறகு போடவில்லை. மேரிகிறேஸ் தன் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனாள். நீச்சல் உடுப்புப் போடாமல் எதற்குத் தண்ணீருக்குள் போகிறோம் என்று பிள்ளை டேனிஷில் கேட்டது; தாய் தமிழில், சும்மா இரு, கெட்டியாப் பிடி என்றாள். சனம் ஒருவர் கையை ஒருவர் பிடித்து நீண்ட வரிசையாக நீரில் இறங்கியது. இடுப்பளவு வந்தது, நெஞ்சளவு வந்தது. நடந்துபோன டேனிஷ் கிழவி ஒருத்தி நின்று, இது ஞானஸ்நானமா என்று விசாரித்தாள். கரையோரமாக நின்ற ஒருவர், கிட்டத்தட்ட என்றார். அவள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றாள்.

படியில் நின்ற அந்தோனிதாசன் ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனார். பத்து வருடமாக வாய் கூசாமல் பேசியவருக்கு முதல் சொல் வரச் சுணங்கியது.

"இடப்பக்கம் பாருங்கோ" என்றார். "இதுதான் தண்ணி. சனம் தண்ணிக்குள்ளால நடக்குது. குழந்தை குட்டியளோட நடக்குது. பிள்ளையளைத் தோளில வைச்சிருக்கினம். தண்ணி நெஞ்சுமட்டும்தான் நிக்குது, அதுக்கு மேல ஏறேல்லை. ஆளை ஆள் பிடிச்சிருக்கினம், கையை விடேல்லை. குளிருது, ஆனா நடக்கினம். ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. முன்னுக்குப் போறது பொம்பிளை ஒராள். அவ அக்கரையில கால் வைச்சிட்டா. ஏறிட்டா. எல்லாரும் ஏறுகினம். இந்த ஊரில சனம் தண்ணியால கடந்து போகுது, புஷ்பம். இது என்ர கண்ணுக்கு முன்னால நடக்குது."

மறுகரையில் ஏறியவர்கள் நடுங்கிக்கொண்டு, சுற்றுவழியால் பஸ்ஸுக்கு நடந்து வந்தார்கள். பக்கத்துப் படகுச் சங்கத்துக்காரர்கள் போர்வைகளும் கோப்பியும் கொண்டுவந்தார்கள், கேள்வி கேட்கவில்லை. திரும்பும் வழியில் பாலத்தில் காற்றுப் பலமாக அடித்தது. பஸ்ஸுக்குள் உடுப்புகள் காயாமல் கண்ணாடி எல்லாம் பூத்துப்போய் வெளியே ஒன்றும் தெரியவில்லை.

அந்த வசனம் போய்ச் சேர்ந்ததா என்பது ஆவணி வரை தெரியாது. வைகாசி நடுவில் யுத்தம் முடிந்தது. அதற்கடுத்த சனிக்கிழமை அந்தோனிதாசன் மீண்டும் போய் ஜாடிகளிலிருந்து தொடங்கினார். யாருக்குப் பேசுகிறோம் என்று தெரியாமல் பேசினார். ஆவணியில், முள்வேலி முகாமிலிருந்து வெளியே வந்த கன்னியாஸ்திரி ஒருவர் மூலம் தகவல் கிடைத்தது. புஷ்பராணியும் இரண்டு பிள்ளைகளும் உயிரோடு இருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் அவர்கள் களப்பில் இறங்கினார்கள். வானொலியைக் கேட்டவர்கள் எல்லோரும் இறங்கினார்கள். கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பாதி தாண்டியதும் வெடி வந்தது. சின்னவனைத் தோளில் வைத்திருந்த குருசுமுத்து பிள்ளையை இறக்கி மனைவியிடம் கொடுத்துவிட்டு, களைத்தவன் குந்துவதுபோல் தண்ணீருக்குள் குந்தினான், பிறகு எழும்பவில்லை. வரிசையில் வேறு பலரும் எழும்பவில்லை. அக்கரையில் ஏறியவர்கள் ஏறாதவர்களைவிட அதிகம். முகாமில் அவர்கள் கூடாரங்களின் வரிசைகளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள்: ஜாடியடி, ஊற்றடி, தூணடி. அதிகாரிகள் அவை வன்னியில் ஏதோ ஊர்கள் என்று நினைத்துப் பதிந்துகொண்டார்கள்.

ஏறாதவர்களின் பாரம் அந்தோனிதாசனிடம் வந்து சேர்ந்தது. சுற்றுலா நடத்தினார், ஆனால் ஃபியோர்ட் கரைக்குப் போகும் வழியை மாற்றி, கப்பல்களைப் பஸ்ஸுக்குள்ளிருந்தே காட்டினார். கருவாட்டுக் கதையைத் திரும்பச் சொல்லச்சொல்லி ஆட்கள் கேட்டால் மறந்துவிட்டது என்றார். ஒலிவாங்கி பிறகு எல்லா ஒலிவாங்கிகளையும் போல வேலை செய்தது.

2015 கோடையில் புஷ்பராணிக்கு விசா கிடைத்தது. பிள்ளைகளைக் குருசுமுத்துவின் தமக்கையிடம் விட்டுவிட்டு மூன்று மாதத்துக்கு வந்தாள். பில்லுண்ட் விமான நிலையத்தில் இறங்கியபோது ஒரு சிறிய பையும், தலையில் பாதி நரையும் இருந்தன. அன்று மத்தியானம் சாப்பிடும்போது அந்தோனிதாசன் கேட்க வேண்டியதைக் கேட்டார். சோற்றைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார்.

"நான் சொன்னபடியாலதானே போனனீங்கள்?"

"ஓம், அண்ணை" என்றாள் புஷ்பராணி. "நீங்கள் சொன்னபடியாலதான் போனம். அவர் செத்ததும் அதாலதான். பிள்ளையள் இருக்கிறதும் அதாலதான். நான் ரெண்டையும் ஒண்டாத்தான் வைச்சிருக்கிறன். நீங்களும் அப்பிடி வைச்சிருங்கோ."

யசிந்தா எழும்பிப் போய்க் குழம்புச் சட்டியை எடுத்துவந்தாள். பிறகு அந்தோனிதாசன், பஸ்ஸைக் கழுவி வைத்திருக்கிறேன், நாளைக்கு றொஸ்கில்டவுக்குப் போவோம் என்றார்.

"அது பாத்த இடம்தானே" என்றாள் தங்கை.

"கேட்ட இடம் எண்டு சொல்லு."

"பாத்த இடம்" என்றாள் புஷ்பராணி, இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டு. பிறகு ஞாபகம் வந்தவளாக யசிந்தாவின் பக்கம் திரும்பினாள். "மச்சாள், உங்களுக்குப் பின்னால வந்த பிள்ளையின்ர சிவப்புச் சப்பாத்து ஒண்டு கழண்டு தண்ணியில போனதெல்லோ. பிறகு எடுத்தவையோ?"

அந்தோனிதாசன் அதை ஒலிவாங்கியில் சொல்லியிருக்கவில்லை. அவர் நின்ற படியிலிருந்து அது தெரியவுமில்லை.

"இல்லை, எடுக்கேல்லை" என்றாள் யசிந்தா. "மேரிகிறேஸ் வேற வாங்கிக் குடுத்திட்டா. குழம்பு போடட்டோ?"

புஷ்பராணி போடச் சொல்லித் தட்டை நீட்டினாள். மறுநாள் மூவரும் ஹொல்ஸ்டெப்ரோ வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போனார்கள். அந்தோனிதாசன் அந்தப் பக்கம் அதற்கு முன் போனதில்லை. அங்கே பார்க்க என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. பஸ்ஸை நிறுத்திவிட்டு அவரும் மற்றவர்களோடு இறங்கிப் பார்த்தார்.